மூணாம் நம்பர் டின்

செல்லையா அண்ணன் யாரையும் நம்பமாட்டார். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை பெய்யும், பனி இறங்கும், செல்லையா அண்ணன் சந்தேகப்படுவார். மூன்றையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புது பேட்டரி வந்தால், யாரோ ஒரு மாதம் ஓட்டிவிட்டுத் துடைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பார். டாக்டர் ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தால் மூன்று நாளோடு நிறுத்திவிடுவார். மீதி நாலு நாள் மாத்திரை, மருந்துக்கடைக்காரன் பிழைக்க வேண்டும் என்பதற்காக எழுதியதாம்.

நான் யோகேஸ்வரி, அதே தோட்டத்தில் ஸ்டோர் கிராணி. சாமான் வாங்குவது, பூட்டி வைப்பது, எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. அதனால் அவருடைய சந்தேகத்தில் பாதி என் தலையில்தான் விடியும்.

"கிராணியம்மா, இந்த பிரஷ்ல மயிர் கொறையுது. யாரோ மாத்தி வெச்சிருக்காங்க."

"பிரஷ் மயிரப் புடுங்கி யாருண்ணே விக்கப் போறா?"

"அது ஒங்களுக்குத்தான் தெரியணும்" என்பார், சிரிக்காமல்.

எரிச்சல் வரும். ஆனால் வாயை மூடிக்கொள்வேன். தோட்டத்தின் மூன்று கிழட்டு லோரிகளும் இன்றைக்கும் மலையேறுகின்றன என்றால் அதற்குக் காரணம் வொர்க்‌ஷாப்பில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்த இந்த மனிதர்தான். உதிரிப் பாகம் விற்பவன் சொல்வதை நம்பாமல் எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். அப்படி மாட்டியது கழன்று நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மாலையில் லோரிகளைக் கொட்டகையில் நிறுத்தியதும், ஒவ்வொன்றின் பின் டயரில் தொடங்கித் தரை வரைக்கும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். காலையில் டயரில் உள்ள கோடும் தரையில் உள்ள கோடும் நேராகச் சேர்ந்திருந்தால் வண்டி நகரவில்லை. சேராவிட்டால் யாரோ எடுத்திருக்கிறார்கள். டிரைவர்களுக்கு இது அவமானம். அதிலும் நீல லோரி ஓட்டும் ஹரிதாஸுக்கு முகம் சுண்டிப்போகும். முப்பத்து நாலு வயதுக்காரன், வாய் அதிகம் பேசாதவன். அவன் மனைவி ரூபினி, சுற்றுப்பயணிகளுக்காகத் தோட்டம் நடத்தும் தேநீர்க்கடையில் தற்காலிக வேலை பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். குடும்பம் இருக்கும் லயத்து வீடு ஹரிதாஸ் பெயரில்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவனுக்கு வேலை இருக்கும் வரைக்கும்தான் அந்த வீடு.

போன ஜனவரியில் நீல லோரியின் புகைக்குழாய் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. இந்த மலையில் எந்த இரும்பும் அப்படித்தான். கொதிக்கிற குழாய் மேல் நாள் முழுக்க ஈரமும் சேறும் அடித்தால் வேறு என்ன ஆகும்? அந்த மாடலுக்குப் புதுக்குழாய் இப்போது வருவதில்லை. வருடப் பரிசோதனை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. துருவைச் சுரண்டிவிட்டு, சூடு தாங்கும் பெயின்ட் அடிப்பது என்று முடிவானது. நானும் அண்ணனும் பிரிஞ்சாங் டவுனுக்குப் போனோம்.

பெயின்ட் கடை முதலாளியான தவுக்கே மூன்று விதமாக எடுத்து வைத்தார். வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்பிரே, கறுப்பில் ஒரு ஸ்பிரே, பிரஷ்ஷால் அடிக்கிற கறுப்பு டின் ஒன்று. மூன்றுமே அறுநூறு டிகிரி தாங்கும் என்று மலாயில் சொன்னார்.

அண்ணன் என் பக்கம் திரும்பி, "அறுநூறு டிகிரிய இவரு தொட்டுப் பாத்தாரா?" என்றார்.

"டின்னுல போட்டிருக்குண்ணே."

"டின்னுல எழுதறது யாரு? விக்கிறவன். அவன் தாங்காதுன்னா எழுதுவான்?"

மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தோம். வொர்க்‌ஷாப்பில் இறங்கியதும் முதல் வேலையாக மூன்றின் லேபிளையும் கத்தியால் சுரண்டி உரித்துவிட்டு, சுண்ணக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினார். ஏன் என்று கேட்டேன்.

"லேபிளப் பாத்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். யாரு நல்லவன்னு நெருப்பு சொல்லட்டும்."

அதை ரசித்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும், இரசாயனச் சாமான் எது வந்தாலும் அதன் விவரத்தாளை ஸ்டோர் ஃபைலில் வைக்கவேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். குப்பைத்தொட்டிக்குப் போக இருந்த லேபிள்களைக் கேட்டு வாங்கினேன். பசை ஒட்டியிருந்ததால் ஒரு வெள்ளைத்தாளில் அப்படியே ஒட்டி, படித்துப் பார்த்தேன் என்று கீழே கையெழுத்தும் போட்டு, ஃபைலில் சொருகினேன். படிக்கவில்லை. அப்படிக் கையெழுத்துப் போடுவது எனக்கு அன்றாட வழக்கம்.

அண்ணன் பழைய குழாயிலிருந்து மூன்று தகடு வெட்டினார். உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயின்ட் அடித்துக் காயவைத்தார். எங்கள் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் வெப்பக் காற்றுக்கு ஒரு விறகு உலை உண்டு. மூன்று தகட்டையும் கம்பியில் கோத்து அந்த உலை வாய்க்குள் ஒரு மணி நேரம் தொங்கவிட்டார். எடுத்த சூட்டோடு தண்ணீர் வாளியில் முக்கினார், மலையில் மழை அப்படித்தானே அடிக்கும் என்று. பிறகு சுத்தியலால் தட்டினார். ஒன்றாம் நம்பர் மாவாக உதிர்ந்தது. இரண்டாம் நம்பர் வாளியிலேயே தோல் உரிந்துவிட்டது. மூன்றாம் நம்பர் அசையவில்லை. மறுபடி உலை, மறுபடி வாளி, மறுபடி சுத்தியல். அப்போதும் அசையவில்லை.

"இதான் ஆம்பள" என்றார். அந்தத் தகட்டை வொர்க்‌ஷாப் சுவரில் ஆணியடித்து மாட்டினார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைக் காட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சனிக்கிழமை லோரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, என்ஜினிலிருந்து வால் முனை வரைக்கும் குழாய் முழுக்க மூன்றாம் நம்பர் பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு கை அடித்தார். ஞாயிறு முழுக்கக் காய்ந்தது. திங்கள் காலை லோரி பறித்த தேயிலைக் கொழுந்து ஏற்றப் போனது.

திங்கள் மாலையே ஹரிதாஸ் வொர்க்‌ஷாப்பில் வந்து நின்றான். பிரஷ் கணக்குப் பார்க்க நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணே, வண்டி சூடானா அடியிலேர்ந்து ஒரு வாட வருதுண்ணே. தலய வலிக்குது."

கொழுந்து லோரியின் தட்டில் பலகைகளை நெருக்கி அடிக்கமாட்டார்கள். இடையிடையே விரல் நுழைகிற சந்து இருக்கும். காற்று போகாவிட்டால் கொழுந்து மூட்டையிலேயே வெந்துவிடும். அதனால் அடியிலிருந்து எது கிளம்பினாலும் நேரே மேலே வரும்.

அண்ணன் சுவரிலிருந்த தகட்டைக் கழற்றி அவன் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாரு. வாட வருதா?"

ஹரிதாஸ் மோந்தான். "இதுல வரல."

"அப்ப பெயின்ட்ல வாட இல்ல. மேல என்னாத்த ஏத்துன?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பிரஷ்ஷைப் பார்த்தேன். அவன் போய்விட்டான்.

புதன்கிழமை தொழிற்சாலையில் தேயிலைக்குப் பொறுப்பான தினேஸ்வரன் ருசி பார்க்கும் மேசையில் ஒரு கிண்ணத்தை வாயில் வைத்துவிட்டுத் துப்பினார். வியாழனும் துப்பினார். மருந்து வாடை என்றார். தேயிலை பொல்லாத சாமான், பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். கெட்டுப்போன தேயிலை எல்லாம் எந்தக் கொழுந்திலிருந்து வந்தது என்று தினேஸ்வரன் தேடிப் பார்த்தார். எல்லாம் நீல லோரியில் வந்தது. மற்ற இரண்டு லோரிக் கொழுந்தும் சுத்தமாக இருந்தன.

மருந்து வாடை என்றதும் எல்லோர் வாயிலும் ஒரே ஊர்தான் வந்தது. கோலா தெர்லா. அங்கே காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பூச்சிமருந்து ஏற்றிப்போக எப்போதும் வண்டி வேண்டும். சொந்த வண்டி இல்லாதவர்கள் இப்படித் தெரிந்த டிரைவரைப் பிடித்து, விடிவதற்குள் ஒரு நடை அடித்துக்கொள்வார்கள் என்று பேச்சு உண்டு. ஹரிதாஸ் தோட்டத்து லோரியில் மருந்து ஏற்றுகிறான் என்று முதலில் சொன்னது யார் என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது. செல்லையா அண்ணன்தான் சொன்னார். என் ஸ்டோர் வாசலில் நின்று என்னிடம்தான் சொன்னார்.

"ரெண்டு நாளா கோடு சேரல, கிராணியம்மா. காலைல எடுத்திருக்கான்."

அவர் சொன்னது பொய் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நானே போய்ப் பார்த்தேன். டயர்க் கோடு ஒரு பக்கம், தரைக் கோடு ஒரு பக்கம் கிடந்தன. காவல்காரரும், ஆறரை மணிக்கு நீல லோரி கோலா தெர்லா ரோட்டிலிருந்து திரும்பியதைப் பார்த்தேன் என்றார்.

விசாரணை அன்று மத்தியானமே நடந்தது. மேனேஜர் பெயர் குகனேஸ்வரன். நாற்பது வயது, ஜீன்ஸ்தான் போடுவார். ஆனாலும் தோட்டத்தில் அவர் துரைதான். நான் ஓரமாக உட்கார்ந்து பேசுவதை எழுதிக்கொண்டிருந்தேன்.

"காலைல லோரிய எதுக்கு வெளிய கொண்டு போன?" என்று துரை கேட்டார்.

"வாட போகட்டும்னு சார்" என்றான் ஹரிதாஸ். "கொழுந்து ஏத்துறதுக்கு முன்னால காலி வண்டிய மேட்டுல ஏத்தி எறக்குனேன். அந்த ரோட்டுலதான் நீள மேடு இருக்கு. குழாய் நல்லா கொதிச்சா வாட கொஞ்சம் கொறையுது சார்."

"என்ன வாட?"

"பெயின்ட்டு வாட சார். புதுசா அடிச்சது."

துரை செல்லையா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தகட்டோடுதான் வந்திருந்தார். மேசை மேல் வைத்தார். துரை மோந்தார். தினேஸ்வரனும் மோந்தார். வெறும் இரும்பு வாசம்தான். எல்லோரும் எழுந்து கொட்டகைக்குப் போனோம். காலையிலிருந்து ஓடாமல் நின்ற லோரி ஜில்லென்று இருந்தது. துரை குனிந்து குழாயையே மோந்தார். ஒன்றும் இல்லை. என்ஜினைக் கிளப்பினால் டீசல் புகை மூக்கை அடைத்தது, வேறெதுவும் தெரியவில்லை.

"உலைல போட்டு எடுத்த பெயின்ட் தொரை" என்றார் அண்ணன். "நான் சும்மா அடிக்கல."

வாடையைப் போக்க மலையேறினேன் என்று ஒருவன் சொன்னால் யார் நம்புவார்கள்? காதில் பூச்சுற்றுகிறான் என்றுதான் தோன்றும். நானும் நம்பவில்லை. இதை இங்கே எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பவில்லை.

துரை முடிவு சொன்னார். மாதக் கடைசியோடு வேலை இல்லை. அதற்குப் பிறகு பதினான்கு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கடிதத்தை நான்தான் டைப் செய்தேன். மறுநாள் தேநீர்க்கடைப் பக்கம் போனபோது ரூபினி என்னிடம், "அக்கா, பக்கத்துல வேற தமிழ்ப்பள்ளில எடம் கெடைக்குமா, பாதி வருசத்துல சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை உரம் வந்தது. அதன் விவரத்தாளை வைக்க இரசாயன ஃபைலைத் திறந்தேன். முன்னால் இருந்த தாளில் மேலாக ஒட்டியிருந்தது பிரஷ் டின்னின் லேபிள், அதாவது மூன்றாம் நம்பர். ஒரு மூலை கிழிந்திருந்தது, மீதி நன்றாகத் தெரிந்தது. மலாயில் பொடி எழுத்தில் ஐந்தாறு வரி. அப்போதும் அதைப் படிக்கவேண்டும் என்று படிக்கவில்லை. பசை விட்டிருக்கிறதா என்று பார்த்தபோது கண்ணில் பட்டது.

பெயின்ட் காய்ந்த பிறகு இருநூறு டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும். அதுவரை அது முழுதாக இறுகாது. அதுவரை சூடாகும்போதெல்லாம் ஆவி கிளம்பும். உணவுப் பொருள் அருகில் இருக்கக்கூடாது.

உலையில் போட்ட தகடு ஒரே மணி நேரத்தில் இறுகிவிட்டது, அதனால் அதில் வாடை இல்லை. லோரியில் என்ஜின் பக்கத்துக் குழாய் கொதித்து இறுகியிருக்கும். ஆனால் வால் பக்கம், கொழுந்துத் தட்டுக்கு நேர் கீழே, அவ்வளவு சூடு எங்கே வரும்? கொழுந்து ஏற்றும் இடத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே பத்து நிமிட ஓட்டம்தான். வெதுவெதுவென்று சூடாகி, தினமும் கொஞ்சம் ஆவி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நீள மேட்டில் ஏற்றினால் வாடை குறைகிறது என்று ஹரிதாஸ் சொன்னது அத்தனையும் உண்மை. குழாய்க்கு என்ன தேவையோ அதைத்தான் அவன் லேபிளைப் படிக்காமலேயே செய்துகொண்டிருந்தான்.

நேரே துரையிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த லேபிளுக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. பயந்தேன். வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். அதற்கு முன் கைப்பேசியில் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டேன், அண்ணன் கிழித்துப்போட்டுவிட்டால் என்ன செய்வது என்று. பதினேழு வருடம் அவரோடு பழகியதில் அவர் குணம் எனக்கும் தொற்றிக்கொண்டது போல.

அவருக்கும் இழக்க ஒன்று இருந்தது. மார்ச்சில் அறுபது முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் வேலையும் வீடும் நீடிக்கச் சொல்லி விண்ணப்பித்திருந்தார். அந்தக் கடிதம் துரையின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதையும் நான்தான் டைப் செய்தேன்.

நான் படித்துக் காட்டியதை அண்ணன் நின்றபடியே கேட்டார். பிறகு தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"டின்னுல எழுதறவன் ஆயிரம் எழுதுவான்" என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை.

"அப்ப பாத்துடுங்க. உரசிப் பாக்காம நீங்க எதத்தான் நம்புனீங்க?"

கோபமாகத்தான் சொன்னேன். அவர் இரண்டு தகடு வெட்டினார். இரண்டிலும் மூன்றாம் நம்பர் அடித்து, காய்ந்ததும் ஒன்றை உலையில் தொங்கவிட்டார். மற்றதை வெப்பக் காற்றுக் குழாயின் மேல் வைத்தார். கை வைத்தால் சுடும், ஆனால் உலையின் சூடு வராத இடம் அது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டு சாப்பாட்டு டப்பாவில் நல்ல தேயிலையைக் கொட்டி, சூடு ஆறாத தகட்டை ஒவ்வொன்றிலும் வைத்து இறுக மூடினார். டப்பா இரண்டையும் என் ஸ்டோரில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டிய சாவியைத் தானே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த நிலைமையிலும் என்னை நம்பவில்லை பாருங்கள்.

மறுநாள் காலை ஸ்டோரில் கெட்டில் வைத்து இரண்டு கப் தேநீர் போட்டோம். எது எந்த டப்பா என்று எனக்குத் தெரியக்கூடாது என்று என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு ஊற்றினார். முதல் கப் நன்றாக இருந்தது. இரண்டாவதை வாயில் வைத்ததும் தொண்டையைக் குமட்டியது. ஓடிப்போய்த் துப்பினேன்.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் அந்த இரண்டாவது கப்பைக் கையில் வைத்திருந்தார். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. மறுபடி குடித்தார். "போதும்ணே, வயித்துக்கு ஆவாது" என்றேன். அவர் நிறுத்தவில்லை. மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கப்பைக் கவிழ்த்து வைத்தார்.

"எவ்ளோ சூடு தாங்கும்னு பாத்தேன்" என்றார். "அதுக்கு எவ்ளோ சூடு வேணும்னு பாக்கல."

"நானும் படிக்காம கையெழுத்துப் போட்டேண்ணே."

"நீங்க படிச்சுச் சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பனா?"

நம்பியிருக்கமாட்டார். அது இரண்டு பேருக்குமே தெரியும். வேலை நீட்டிப்புக்கான அவருடைய கடிதத்தில் துரை இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதை நான் ஞாபகப்படுத்தினேன். ஏன் ஞாபகப்படுத்தினேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவர் காது கேட்காதவர் மாதிரி டப்பா இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தார். லேபிள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

துரையின் மேசையில் டப்பாக்களைத் திறந்து வைத்தார். "ஹரிதாஸ் மேல தப்பு இல்ல தொரை. மேட்டுல ஓட்டுனேன்னு சொன்னான்ல, நெசந்தான். தப்பு என் செவுத்துல தொங்குது."

துரை இரண்டு டப்பாவையும் மோந்தார். லேபிளைப் படித்தார். கீழே இருந்த என் கையெழுத்தையும் பார்த்தார்.

"சோதிச்சேன்னு சொன்னீங்களே, செல்லையா."

"சோதிச்சேன் தொரை. உலைல சோதிச்சேன். லோரி பின்னால உலை இல்ல."

"மருந்து ஏத்துறான்னு சொன்னது?"

"அதுவும் நாந்தான்."

துரை ஃபைலை மூடி வைத்தார். ஹரிதாஸின் வேலைநீக்கக் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன். செல்லையா அண்ணனுடைய விண்ணப்பத்தை மேசையிலிருந்து எடுத்து, கையெழுத்துப் போடாமல் இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு டப்பாக்களை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த வாரமே நீல லோரியின் வால் குழாயைக் கழற்றி, உலைக்குள் போகும் அளவுக்குத் துண்டாக வெட்டி வாட்டி, மறுபடி பற்றவைத்து மாட்டினார். தினேஸ்வரன் அதற்குப் பிறகு துப்பவில்லை.

ஹரிதாஸ் லோரி ஓட்டினான். காலையில் சாவி வாங்குவான், மாலையில் சாவி கொடுப்பான். அண்ணனிடம் பேசமாட்டான். அண்ணன் ஒருநாள் அவன் வீட்டு வாசல் வரைக்கும் போய், கதவு திறந்திருந்தும் கூப்பிடாமல் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். டயரில் கோடு போடுவதை அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

மார்ச் கடைசியில் வீட்டைக் காலி செய்தார். மகள் பூவிழி தானா ராத்தா டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறாள், அங்கே போவதாக ஏற்பாடு. சாமான் ஏற்ற ஒரு நடை தோட்டத்து லோரியை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை அனுமதி கொடுத்தார். வந்தது நீல லோரி.

கட்டில், அலமாரி, கருவிப்பெட்டி எல்லாம் ஏறின. ஹரிதாஸே தோள் கொடுத்து ஏற்றினான், கயிறும் அவனே கட்டினான். அண்ணன் பழக்கம் விடாமல் குனிந்து குழாயை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "ஹரிதாஸு" என்று ஆரம்பித்தார். மேற்கொண்டு வரவில்லை. லயத்தில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம்.

ஹரிதாஸ் வண்டியில் ஏறவில்லை. பின் டயர் பக்கத்தில் வந்து நின்றான்.

"கோடு போடுங்கண்ணே" என்றான்.

"என்னாத்துக்குப்பா?"

"தோட்டத்து லோரி. வெளிய போயிட்டு வருது. நாளைக்கு யாராச்சும் கேட்டா, நீங்க பாத்துதான் வண்டி கெளம்புச்சுன்னு நான் எதக் காட்டுறது?"

குரலை உயர்த்தவில்லை, மரியாதை குறையவில்லை. அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவருக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று எனக்கே தெரிந்தது. சட்டைப்பையில் கைவிட்டார். சுண்ணக்கட்டி இருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, டயரிலிருந்து தரை வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். பதினேழு வருடத்தில் அவர் போட்ட கோடு கோணி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹரிதாஸ் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். பிறகு டிரைவர் சீட்டுக்கு மறுபக்கத்துக் கதவைத் திறந்து பிடித்து, "ஏறுங்கண்ணே, மழ வருது" என்றான்.